மலையேறிய சுறா

காணாமல் போனவள் பெயர் கமலா என்றதும் தெய்வசிகாமணி நோட்டில் புதுப் பக்கம் புரட்டினார்.

“வயசு இன்னா இருக்கும்?”

“இருபத்தஞ்சுக்கு மேல இருக்கும்னு நினைக்கிறோம்.”

“நெறம்?”

“சாம்பல் நிறம். உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி.”

“தேமல்னு எழுதிக்கிறேன். ஒயரம்?”

“இருபத்தோரு அடி.”

பேனா நின்றது. சிகாமணி எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், மடியில் லேப்டாப் பை. பார்த்தால் தெளிவான ஆளாகத்தான் தெரிந்தாள்.

“மேடம், கேஸு உங்களுக்குத்தான்,” என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். “நம்ம டேப்பு பத்தாது.”

ஜன்னலோர மேசையில் இருந்த அம்சவள்ளி சிரிக்கவில்லை. “சுறாவாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாங்க! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“உங்க பையில ஒட்டியிருக்கு.”

சிகாமணி எட்டிப் பார்த்தார். பையின் மேல் உள்ளங்கை அகல ஸ்டிக்கரில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சுறா. ஆறு வருடமாக இந்தப் பெண்பிள்ளையிடம் வேலை பார்க்கிறார், இன்னும் இந்த வித்தை அவருக்குப் பிடிபடவில்லை. எல்லோர் கண்ணுக்கும் எதிரில் இருப்பதைத்தான் பார்ப்பாள். ஆனால் முதலில் பார்த்துவிடுவாள்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையோரம் ஒரு தையல் கடை. அதன் மாடியில்தான் அம்சவள்ளியின் துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை விசாரணை, காணாமல் போன பைக், கழற்றிக்கொண்டு போன டிராக்டர் பேட்டரி, இவைதான் அன்றாடம். சிகாமணி முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முழங்கால் தேய்ந்ததும் பஸ்ஸை விட்டார். வாயை விடவில்லை.

வந்தவள் பெயர் சுபஸ்ரீ. கடலூர்ப் பக்கம் ஒரு சுறா ஆராய்ச்சிக் குழுவில் வேலை.

“கமலா திமிங்கலச் சுறா. ரொம்ப சாது. அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம். எந்த மாசம் எந்தக் கரைக்கு வருது, எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும். அதுக்குத்தான் முதுகுத் துடுப்புக்கிட்ட ஒரு சின்னக் கருவியை மாட்டி விட்டேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு குளிர், எவ்வளவு வெளிச்சம்னு அது உள்ளயே குறிச்சுக்கும். எட்டு மாசம் கழிச்சு தானா கழண்டு மிதந்து, சேட்டிலைட்டுக்குச் சேதி அனுப்பும். நடுவுல மூணு நாள் ஏறாம எறங்காம ஒரே மட்டத்துல கிடந்துச்சுன்னா, ஏதோ ஆயிடுச்சுன்னு அப்பவே அனுப்ப ஆரம்பிச்சிடும்.”

“அனுப்பிச்சிதா?”

“அஞ்சாவது மாசத்துலயே. மணலூர்பேட்டையிலிருந்து.”

சிகாமணிக்குப் புரை ஏறியது. “மணலூர்பேட்டையா? பெண்ணையாத்துல எதிர்நீச்சல் போட்டு வந்திச்சின்னு வெச்சிக்கினாலும், சாத்தனூர் டேம்ல தண்ணி தொறந்து வுட்டாத்தான வர முடியும்?”

“அதனாலதான் கருவி பழுதுன்னு எங்க குழுத் தலைவர் சொல்லிட்டார். ஆனா இப்ப அது கல்வராயன் மலை மேல இருக்குங்க. மூவாயிரம் அடி உயரத்துல.” சுபஸ்ரீயின் குரல் கொஞ்சம் இறங்கியது. “சேட்டிலைட்டுக்கு வர்றது சுருக்கம்தான். அஞ்சு மாசப் பயணம் முழுசா அந்தக் கருவிக்குள்ளதான் இருக்கு. அது கையில வேணும். வெள்ளிக்கிழமை கடலூர்ல கூட்டம். கமலா மாதிரி சுறாங்க வர்ற மாசத்துல ஒரு பகுதிக் கடலை வலை போடாம விடலாமான்னு அன்னைக்குத்தான் முடிவு பண்றாங்க. வெறுங்கையோட போனா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. கருவியோட பேட்டரி இன்னும் ரெண்டு நாள் தாங்கினா அதிகம். அப்புறம் அது இருக்கற எடமே தெரியாது.”

“கமலா உசுரோட இருக்கா?” அம்சவள்ளி கேட்டாள்.

“அதுதான் தெரியல,” என்றாள் சுபஸ்ரீ. லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். புள்ளி புள்ளியாக ஊர்கள்.

“சனிக்கிழமை மணலூர்பேட்டை. ஞாயிறு எலவனாசூர்கோட்டை. செவ்வாய் வடக்கனந்தல். புதன் வெள்ளிமலை. அதுக்கப்புறம் இந்த ஆறு நாளா மலையிலேயே. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிலோமீட்டர் முன்னப்பின்ன இருக்கும். நானே போய் ஒரு நாள் பூரா சுத்திட்டு வந்தேன். ஒண்ணும் கிடைக்கல.”

சிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடம் கத்திய வாய் தானாக முணுமுணுத்தது. சனி மணலூர்பேட்டை, ஞாயிறு எலவனாசூர்கோட்டை. அன்றைக்கெல்லாம் பஸ்ஸில் ஆள் ஏற இடம் இருக்காது. படியில் ஒரு கோழிக் கூடை, கூரை மேல் பத்து வாழைத்தார்.

கண்ணைத் திறந்தார். “மேடம், சுறா சந்தைக்குப் போயிருக்குது.”

“இன்னாது?”

“எல்லாம் சந்தை நாளு மேடம். எந்தெந்தக் கெழம எங்கெங்க சந்தையோ, அந்தந்தக் கெழம அங்கங்க புள்ளி இருக்குது.”

அம்சவள்ளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “கடல்லேர்ந்து சரக்கு எட்த்தாந்து சந்தை சந்தையா போறவங்க யாரு?”

“கருவாட்டுக்காரங்க!”

“இன்னைக்கு இன்னா கெழமண்ணே?”

“செவ்வா. வடக்கனந்தல்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தாள். கீழே ஆம்னி வேன் உறுமியது. சிகாமணி சுபஸ்ரீயைப் பின்சீட்டில் ஏற்றி, தானும் ஏறி, கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

“போலாம், ரைட்!”

*

வடக்கனந்தல் சந்தையில் கருவாட்டுக் கடையைக் கண் தேட வேண்டியதில்லை. மூக்கு கொண்டுபோய் விட்டுவிடும். மூன்று பேர் கடை போட்டிருந்தார்கள். இரண்டு பேர் இந்த ஊரோடு சரி. மூன்றாவது இருசம்மாள். நான்கு சந்தையும் சுற்றுகிறவள் அவள்தான். ஐம்பது வயது, குடை நிழலில் சம்மணம் போட்டு, நெத்திலியைக் கையால் அளைந்து காட்டிக்கொண்டே கூவிக்கொண்டிருந்தாள்.

சுபஸ்ரீ செல்போனில் கருவியின் படத்தைக் காட்டினாள். கைப்பிடி அளவு கறுப்புத் தண்டு, தலையில் எலுமிச்சம்பழம் போல ஒரு குமிழ், நுனியில் மெல்லிய கம்பி.

“அய்ய, இந்த மைக்கா!” என்றாள் இருசம்மாள்.

“மைக்கு இல்லக்கா…”

“மைக்குதான். நான் பேசிக்கூட பாத்தேன். கருவாடு கருவாடுன்னு ரெண்டு தபா கத்தினேன். சத்தமே வரல. கெட்டுப்போன மைக்கு.”

சேட்டிலைட்டுக்குக் கேட்டிருக்கும் என்று சொல்ல சிகாமணிக்கு நாக்கு துறுதுறுத்தது. அம்சவள்ளியின் பார்வையைக் கண்டு அடக்கிக்கொண்டார்.

“எங்க கெடச்சிது?” அம்சவள்ளி கேட்டாள்.

“கூடைக்கி அடியில. கடலூரு ஆர்பர்ல பத்து பேராண்ட சரக்கு எடுக்குறேன். எவன் கூடையில போட்டான்னு எனக்கின்னா தெரியும்?”

“இப்ப எங்கக்கா?”

“போன புதங்கெழம வெள்ளிமலை சந்தையில ஒரு ஆளு அர கிலோ நெத்திலி வாங்கினாரு. கொசுறு கேட்டாரு. இன்னும் ரெண்டு நெத்திலி போட்டேன். அது வாணாம், இத்தக் குடுன்னாரு. குட்த்துட்டேன்.”

“பேரு?”

“கருவாடு வாங்குறவன் பேரு கேப்பனா? ஆனா ஒண்ணு. அந்த ஆளு அதுல ஒட்டியிருந்த சீட்ட எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. அப்பால, மழையில நனஞ்சா கெட்டுப்பூடுமான்னு கேட்டாரு. கடல்ல கெடந்த பொருளு, மழைக்கி இன்னா ஆவும்னேன். சிரிச்சிக்கினே பூட்டாரு.”

வேனுக்குத் திரும்பும்போது சிகாமணி சொன்னார். “ஒண்ணும் தேறல மேடம். மலையில நெத்திலி தின்னாத வூடு எது?”

“நெத்திலிய வுடுங்க. மழையில நனையுமான்னு கேட்டாரே, அதான் விசயம். வூட்டுக்குள்ள வெக்கிற பொருளுக்கு யாராவது மழையப் பத்திக் கேப்பாங்களா?” அவள் சாவியைத் திருப்பினாள். “வெளியில மாட்டப் போறாரு. எதுலன்னுதான் தெரியல. சீட்டுல இன்னாம்மா எழுதியிருந்திச்சி?”

“நான்தான் தமிழ்ல எழுதணும்னு சண்டை போட்டு ஒட்ட வெச்சேன்,” என்றாள் சுபஸ்ரீ. “‘ஆராய்ச்சிக் கருவி. இது இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியே எங்களுக்குத் தெரியும். கிடைத்தால் அழைக்கவும்’, அப்புறம் என் நம்பர்.”

“ஒருத்தரும் அழைக்கல.”

“இல்லைங்க.”

*

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் சிகாமணியின் வயிறு ஒரு பக்கமும் வேன் ஒரு பக்கமும் போயின. இரண்டு புறமும் மரவள்ளித் தோட்டம், அதற்கு மேல் காடு.

“மலைக்கு வந்த பெறகு வந்த சேதிய நேரத்தோட படிம்மா,” என்றாள் அம்சவள்ளி, ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே.

“புதன் சாயந்தரம் மலைக்கு வந்தது. வியாழன் காலையில ஏழு மணியிலிருந்து ஆறு மணிவரை சேதி வருது. ராத்திரி ஒண்ணும் இல்லை. வெள்ளியும் அப்படித்தான். சனியும் அதே மாதிரி.”

“பகல்ல ஊர் சுத்துது. இருட்டினா அடங்கிடுது,” என்றார் சிகாமணி. “குடும்பஸ்தன்தான்.”

“ராத்திரியில எதுக்கு அடங்குது? சேதி எதுனால தடைபடும்?”

“மேல வானம் தெரியணும். தகரக் கூரைக்கு அடியில இருந்தா போகாது.”

“சரி. ஞாயித்துக்கெழம?”

சுபஸ்ரீ நகர்த்திப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. “ஞாயிறு பகல்லயும் வந்திருக்கு, ராத்திரியிலயும் வந்திருக்கு. நேத்தும் அப்படியே. விடிய விடிய.”

“அப்பன்னா ஞாயித்துக்கெழமலேர்ந்து வூட்டுக்குப் போவல,” என்றாள் அம்சவள்ளி.

வேன் கரியாலூர் தாண்டி ஒரு மண் சாலையில் திரும்பியது. பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள சின்ன ஊர். புள்ளிகள் மொய்த்துக் கிடந்த இடம் அதுதான். ஊருக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். பாலத்துக் கட்டைச் சுவரில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாலை நடுவில் வந்து நின்றார்.

அம்சவள்ளி பிரேக்கை மிதித்தாள்.

“நீங்கதான சாட்லைட்டுக்காரங்க?” என்று கேட்டார் அவர்.

அம்சவள்ளி என்ஜினை அணைத்தாள்.

“ரெண்டு நாளா இங்கியே குந்திக்கினு இருக்கேங்க. வந்துட்டீங்க, சந்தோசம்.” அவர் வேனுக்குள் குனிந்து பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். முகம் வாடியது. “மாடு எங்க?”

“எந்த மாடு?” என்றார் சிகாமணி.

“என் மாடுங்க! செவல! அது கழுத்துலதான உங்க பொருள கட்டி வெச்சிருக்கேன்! எங்க இருந்தாலும் எங்களுக்குத் தெரியும்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க?”

அவர் பெயர் பழனி. அரை ஏக்கர் சாமை, வருடத்தில் சில மாதம் கடுக்காய் பொறுக்கும் வேலை, ஒரு மாடு. அந்த மாடுதான் வீட்டுக்கே ஆதாரம்.

“இதோட தாயி போன வருசம் காட்டுல பள்ளத்துல வுழுந்திருச்சுங்க. நாலு நாளு தேடினேன். கண்டுபுடிக்கிறதுக்குள்ள உசுரு போயிருச்சு. செவலைக்கும் அதே புத்தி. காடு காடுன்னு ஓடும். இப்ப சினையா வேற இருக்குது. சந்தையில இந்தச் சீட்டப் படிச்சதும் அப்படியே குளுந்து போச்சு. இத்தக் கட்டிட்டா மாடு எங்க போனாலும் கவுருமெண்டு கண்டுபுடிச்சிரும்னு நெனச்சேன்.”

“நம்பர் இருந்துச்சே, கூப்பிட்டிருக்கலாமே?” என்று கேட்டாள் சுபஸ்ரீ.

“கடைசி மூணு நம்பரு தேஞ்சி போச்சுங்க. மாடு காணாமப் போனா நீங்களே தேடிக்கினு வருவீங்கன்னு வுட்டுட்டேன். ஞாயித்துக்கெழம மேயப் போனது வரல. ஊர்க்காரங்களும் காடெல்லாம் தேடிட்டாங்க. நீங்களும் வந்துட்டீங்க. பாத்தீங்களா, நான் நெனச்சது சரிதான்.”

அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து சிகாமணிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சுபஸ்ரீ வேனை விட்டு இறங்கிவிட்டாள். அவள் பழனியைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

“கண்டுபிடிச்சிடலாம்ணே,” என்றாள்.

“எப்படி?” சிகாமணி அம்சவள்ளியின் காதருகில் கிசுகிசுத்தார். “ஒரு கிலோமீட்டர் முன்னப்பின்னன்னாங்களே. இந்தக் காட்டுல அது பத்து நாள் வேல.”

அம்சவள்ளி லேப்டாப்பை வேன் சீட்டில் வைத்துத் திறக்கச் சொன்னாள். “ஞாயித்துக்கெழமலேர்ந்து எத்தினி புள்ளி?”

“முப்பத்தெட்டு.”

“இதுவரைக்கும் நீ ஒவ்வொரு புள்ளியா தொரத்தின. பொருளு நகந்துகினு இருந்திச்சி. இப்ப ரெண்டு நாளா அது ஒரே எடத்துல நிக்குதுன்னு வெச்சிக்கோ. அப்ப இந்த முப்பத்தெட்டும் ஒரே எடத்தச் சுத்தித் தப்புத் தப்பா விழுந்த புள்ளி. ஒண்ணு கெழக்க தப்பும், ஒண்ணு மேக்க தப்பும்…”

“நடு எடம்!” சுபஸ்ரீ விரல்கள் விசைப்பலகையில் ஓடின. “கடல்ல எதுவும் நிக்காது. அதனால நான் நடுவைப் பார்க்கவே இல்லை.” திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. “இங்க. ரெண்டு ஓடை சேர்ற எடம்.”

பழனி திரையை உற்றுப் பார்த்தார். வரைபடம் புரியவில்லை. ஓடை புரிந்தது. “நாவமரத்து ஓடைங்க! அங்க முள்ளுப் பொதராச்சே. மாடு போவாதுன்னு நாங்க பாக்கவேயில்ல.”

ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். பழனி முன்னால் ஓடினார். சிகாமணி ஒவ்வொரு கல்லிலும் முழங்காலைத் திட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். ஓடைக்கு இறங்கும் இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. சற்று நிற்கலாம் என்று புதரோரம் ஒதுங்கினார்.

புதர் அவரைப் பார்த்து உறுமியது.

அடுத்த நொடி இரண்டு கொம்புகள் முள்ளைக் கிழித்துக்கொண்டு வந்தன. சிகாமணி தேய்ந்த முழங்காலை மறந்தார். ஓடையை ஒரே தாவலில் தாண்டி நாவல் மரத்தின் கிளையில் தொத்திக்கொண்டார்.

“கெடச்சிட்ச்சி மேடம்!” என்று அங்கிருந்தே கத்தினார். “கோவமா இருக்குது!”

“செவல! ஏ செவல!” பழனி குரல் கொடுத்ததும் மாடு நின்றது. காது ஆடியது. கழுத்துக் கயிற்றில் அந்தக் கறுப்புக் கருவி ஊசலாடியது. பிறகு அது திரும்பி, தான் வந்த புதருக்குள்ளேயே மறுபடி தலையை விட்டு மெல்லிய குரலில் கூப்பிட்டது.

உள்ளே, காய்ந்த சருகு மேல், நடுங்கும் நான்கு கால்களில் ஒரு கன்றுக்குட்டி நின்றுகொண்டிருந்தது.

“கன்னு போட்டிருக்குதுங்க,” என்றார் பழனி. “மாசம் நெறையலன்னு நெனச்சேன். பதினஞ்சு நாளு முந்திக்கிச்சு. ஒளிஞ்சிக்கினு கன்னு போட்டிருக்குது.” கன்றைத் தடவினார், மாட்டைத் தடவினார், பக்கத்தில் நின்ற சுபஸ்ரீயின் கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

சிகாமணியை மரத்திலிருந்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

*

கன்றைப் பழனி தோளில் தூக்கிக்கொண்டார். மாடு அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் ஏறி, வெட்டவெளிப் பாறைக்கு வந்ததும் பழனி மாட்டின் கழுத்திலிருந்து கருவியை அவிழ்த்துக் கொடுத்தார். சுபஸ்ரீ அதை இரண்டு கையாலும் வாங்கினாள். எண்ணைச் சரிபார்த்தாள். கமலாவினுடையதுதான். ஐந்து மாதக் கடல் அதற்குள் இருந்தது.

ஆனால் அவள் முகம் மலரவில்லை. கருவியின் அடிப்பகுதியைப் பார்த்தபடி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாம்மா?” என்றாள் அம்சவள்ளி.

“தானா கழண்டிருந்தா இந்த முனையில ஒரு ஊசி அரிச்சுப் போயிருக்கும். இது அரிக்கல. கமலா முதுகோட சேத்துக் கட்டின கயித்தை யாரோ கத்தியால அறுத்திருக்காங்க.” கருவியோடு சிக்கிக் கிடந்த நீல நூலைத் தூக்கிக் காட்டினாள். “இது வலை. கமலா வலையில மாட்டியிருக்கு.”

“அது அப்பவே கூட இருந்திச்சிங்க,” என்றார் பழனி தயக்கத்தோடு. “கட்டுறதுக்குத் தோதா இருக்கேன்னு அதுலயே மாட்டுக் கயித்தக் கோத்துட்டேன்.”

சிகாமணிக்கு அன்று முதல்முறையாகச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. சுபஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்சவள்ளி அந்த நீல நூலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வலைத் துண்டு. ஏழெட்டு கண்ணி. ஒவ்வொரு நூலின் முனையும் சுத்தமாக, ஒரே வீச்சில் வெட்டுப்பட்டிருந்தது.

“சுபஸ்ரீ, வலையில மீன் மாட்டுது. மீனு வேணும்னு நெனைக்கிற ஆளு எத்த அறுப்பான்?”

“மீனை.”

“இவன் வலைய அறுத்திருக்கானே!”

சுபஸ்ரீ நிமிர்ந்தாள்.

“சொந்த வலைய எவனாவது சும்மா அறுப்பானா? உள்ள இருக்கிறது வெளிய போவணும்னு நெனச்சாத்தான் அறுப்பான். உன் கயிறு வலையோட சிக்கியிருக்கு. அதையும் சேத்து வெட்டியிருக்கான்.” அம்சவள்ளி ஏற்கெனவே செல்போனை எடுத்திருந்தாள். அந்தப் பாறையில் மட்டும் டவர் கிடைத்தது. “இருசம்மாக்கா, நான் காலையில வந்தேனே, மைக்கு! ஆமா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க சரக்கு எடுக்குற பத்து பேர்ல, இந்த ரெண்டு வாரமா கடலுக்குப் போவாம கரையில குந்தி வலை தைக்கிறது யாரு?”

போனில் இருசம்மாள் யோசிக்கவே இல்லை. கத்திய கத்தல் எல்லோருக்கும் கேட்டது. “வீரமணிதான்! பாறையில மாட்டிக் கிழிஞ்சிட்சின்னு சொல்லிக்கினு கெடக்கான். அவ்ளோ பெரிய கிழிசல நான் பாத்ததேயில்ல!”

வீரமணியின் எண்ணை வாங்கி, போனை சுபஸ்ரீயிடம் கொடுத்தாள் அம்சவள்ளி. “நீயே பேசு. பயந்திருப்பான். பதமா பேசு.”

நான்காவது மணியில் எடுத்தார்கள். சுபஸ்ரீ தன் பெயரைச் சொன்னாள். வேலையைச் சொன்னாள். மறுமுனை சட்டென்று இறுகியது.

“எனக்கு எந்தச் சுறாவும் தெரியாதுங்க. நான் எதையும் புடிக்கல.”

“தெரியும்ணே. நீங்க புடிக்கல. விட்டீங்க.”

அலைச் சத்தம் மட்டும் போனில் இரைந்தது.

“யாரு சொன்னா?” என்றது குரல், மெதுவாக.

“உங்க வலைதாண்ணே சொல்லுச்சு.”

அதன் பிறகு வீரமணி கொட்டித் தீர்த்தார். விடிகிற நேரம். வலை கனத்தது. இழுத்துப் பார்த்தால் படகைவிடப் பெரிய உடம்பு, முழுக்கப் புள்ளி. புரளவும் இல்லை, முட்டவும் இல்லை. கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தது. கூட வந்த மச்சான் வேண்டாம் என்றான், வலை போனால் பிழைப்பு போகும் என்றான். “எனக்கு மனசு கேக்கல மேடம். கத்திய எடுத்துட்டேன். அந்த மைக்கு வலையோட கையில வந்துட்ச்சி. கவுருமெண்டு பொருளு, நம்ம வூட்டுல இருந்தா புடிச்சவன் நீதான்னு கேஸு போட்ருவாங்கன்னு மச்சான் பயமுறுத்தினான். கூடைக்கி அடியில போட்டு அனுப்பிட்டேன். புடிக்கலன்னு சொன்னா நம்பணும்ல, அதுக்கு வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். இதுவரைக்கும் யாருக்கும் காட்டல.”

“எனக்கு அனுப்புவீங்களாண்ணே?”

வீடியோ இறங்கி வருவதற்குள் நான்கு பேரும் ஒரு செல்போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். கன்று பழனியின் காதை நக்கியது. அவர் கவனிக்கவில்லை. அவர் கடலையே பார்த்ததில்லை.

படம் ஆடியது. இளஞ்சிவப்புத் தண்ணீர். படகின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிற மலை, மேலே மழைத்துளி தெறித்தது போல வெள்ளைப் புள்ளிகள். அறுந்த வலை அதன் முதுகிலிருந்து மெல்ல வழுகி விழுந்தது. அது அசையவில்லை. படத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஆளின் குரல், கிட்டத்தட்ட அழுகிற மாதிரி: “போ தாயி… போய்டு… போ, போ!”

வால் ஒருமுறை அசைந்தது. இன்னொரு முறை. தண்ணீர் சுழித்தது. பிறகு அந்த மலை நகர்ந்து, ஆழத்துக்குச் சாய்ந்து, புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கிப் போயின.

சுபஸ்ரீ படத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினாள். செவுளுக்குப் பக்கத்துப் புள்ளிகளை விரலால் பெரிதாக்கினாள். லேப்டாப்பில் இருந்த பழைய படத்தோடு ஒப்பிட்டாள். ஒவ்வொரு சுறாவுக்கும் அந்தப் புள்ளி வரிசை வேறு, நம் கைரேகை மாதிரி என்று முணுமுணுத்தாள்.

“கமலாதான்,” என்றாள். சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

“எம்மாம் பெருசு!” என்றார் பழனி, இன்னும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நல்லவேளை, இது புதருக்குள்ள ஒளியல,” என்றார் சிகாமணி. வாய் திரும்ப வந்துவிட்டது.

சுபஸ்ரீ மறுபடியும் வீரமணியைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை கூட்டம் என்றாள். இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள். கேஸ் எதுவும் வராது, அவர் செய்தது தப்பே இல்லை, அதற்குத் தான் பொறுப்பு என்றாள்.

“ஆர்பர்ல சிரிப்பாங்க மேடம். மீனுக்காக வலைய அறுத்த பைத்தியம்னு பேரு வெப்பாங்க.”

“வெப்பாங்கதான்,” என்றாள் சுபஸ்ரீ. அவள் பொய் சொல்லவில்லை.

அலைகள் இரைந்தன. வீரமணி கேட்டார்.

“அது திரும்பி இந்தப் பக்கம் வருமா?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே மாசத்துல உங்க கடல்லதான் அதைப் படம் எடுத்தோம். வரும்ணே.”

“வந்தா மறுபடியும் எவன் வலையிலயாச்சும்தான மாட்டும்?”

“அதுக்குத்தான் கூட்டம்.”

மறுமுனையில் வீரமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எத்தினி மணிக்கு வரணும் மேடம்?”